கன்ட்ரோல் சி-க்கும் கன்ட்ரோல் வி-க்கும் நடுவில் என்ன நடக்கிறது? பின்னணியில் ஓடும் கிளிப்போர்டு சேவையும் நம் ஆதார் எண்ணும்

திருப்பதி தேவஸ்தானத்தின் 300 ரூபாய் சிறப்பு தரிசன டிக்கெட் ஆன்லைனில் திறக்கும் நேரம். திருத்தணி மாதிரியான ஊரில் ஒரு பிரவுசிங் சென்டர். குடும்பத்தில் ஆறு பேர் என்றால், ஆறு பேரின் பெயரும் ஆதார் எண்ணும் முன்கூட்டியே நோட்பேடில் தயாராக இருக்கும். ஒதுக்கீடு சீக்கிரம் தீர்ந்துவிடும், டைப் செய்துகொண்டிருக்க நேரமில்லை. எனவே பெயர் காப்பி, பேஸ்ட், எண் காப்பி, பேஸ்ட், அடுத்த ஆள். டிக்கெட் பிரின்ட் அவுட் கைக்கு வந்ததும் காசு கொடுத்துவிட்டு குடும்பம் கிளம்பிவிடும்.

காப்பி செய்த அந்த 12 விவரங்களும் கூடவே கிளம்பிவிட்டதா? அதைத் தீர்மானிப்பது அந்தக் கம்ப்யூட்டரின் பின்னணியில் ஓடும் ஒரு சின்ன புரோகிராம். அதன் பெயர் கிளிப்போர்டு சேவை. அது ஓடவில்லை என்றால், கடைசியாக காப்பி செய்த ஒரே ஒரு விவரம் மட்டும் தங்கியிருக்கும். ஓடுகிறது என்றால் 12-ம் வரிசையாகத் தங்கியிருக்கும். அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் இரண்டு விசையை அழுத்தினால் போதும், பட்டியல் திறக்கும்.

இப்போது ஏன் இதைப் பேச வேண்டும்? மூன்று காரணங்கள். முதலாவது, ஆப்பிள் 2025 செப்டம்பரில் வெளியிட்ட மேக்ஓஎஸ் டாஹோவில், காப்பி செய்தவற்றின் வரலாறு ஸ்பாட்லைட்டுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. விண்டோஸில் இது 2018-லேயே வந்துவிட்டது. ஆக, உலகின் இரண்டு பெரிய டெஸ்க்டாப் இயங்குதளங்களிலும் இந்த வசதி உள்ளேயே வருகிறது. இரண்டாவது, நாம் பேஸ்ட் செய்யும் பழக்கத்தையே ஆயுதமாக்கும் 'கிளிக்ஃபிக்ஸ்' மோசடி 2024 முதல் பரவி வருகிறது. மூன்றாவது, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கிளிப்போர்டு என்பது என்ன?

காப்பி செய்ததை பேஸ்ட் செய்யும் வரை வைத்திருக்கும் தற்காலிக இடம்தான் கிளிப்போர்டு. கட், காப்பி, பேஸ்ட் என்ற முறையை 1970-களின் நடுவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் 'ஜிப்ஸி' என்ற எழுத்து மென்பொருளுக்காக உருவாக்கினார்கள். பிறகு டெஸ்லர் ஆப்பிளுக்குப் போனார். 1983-ல் வந்த ஆப்பிள் லிசாவும் 1984-ல் வந்த மெக்கின்டாஷும் இதைப் பரவலாக்கின. டெஸ்லர் 2020 பிப்ரவரியில் காலமானார்.

அன்றைய கம்ப்யூட்டர் ஒருவருக்கு ஒன்று. இணையம் கிடையாது. அதனால் மூன்று எளிய விதிகளோடு கிளிப்போர்டு பிறந்தது: ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள், புதியது வந்தால் பழையது போய்விடும், எந்த மென்பொருளும் எடுத்துப் பார்க்கலாம்.

அந்த மூன்றாவது விதி இன்றைக்கும் டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. முதல் இரண்டையும் மாற்றியதுதான் பின்னணிச் சேவை.

பின்னணிச் சேவை எதற்கு?

ஒரு பொருள்தான் தங்கும் என்பது வேலை செய்பவர்களுக்குப் பெரிய தொல்லை. பெயர், முகவரி, கணக்கு எண் என்று மூன்றை நிரப்ப மூன்று முறை இங்குமங்கும் போய்வர வேண்டும். தப்பித் தவறி வேறு ஒன்றை காப்பி செய்துவிட்டால் முந்தையது போச்சு. இதற்குத் தீர்வாக, காப்பி செய்யும் ஒவ்வொன்றையும் ஓரமாக எடுத்து வைத்துக்கொள்ளும் புரோகிராம்கள் வந்தன. விண்டோஸில் டிட்டோ, பல தளங்களில் காப்பிக்யூ, கேடிஇ லினக்ஸில் கிளிப்பர் என்று பல பெயர்கள்.

2018 அக்டோபர் அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் இதை விண்டோஸ் 10-க்குள்ளேயே கொண்டுவந்தது. விண்டோஸ் விசையோடு 'வி' அழுத்தினால் பட்டியல் வரும். அதிகபட்சம் 25 பதிவுகள். ஒவ்வொன்றும் 4 எம்பி வரை. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் அழியும், ஆனால் 'பின்' செய்து வைத்தவை அழியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால், விரும்பினால் ஒரு கருவியில் காப்பி செய்ததை இன்னொரு கருவியிலும் பேஸ்ட் செய்யலாம். இந்த வரலாறு வசதியை நாமே ஆன் செய்தால்தான் ஓடும். ஆனா பொது கம்ப்யூட்டரில் முன்னால் உட்கார்ந்த யாரோ ஒருவர் ஆன் செய்துவிட்டுப் போயிருந்தால்? அடுத்தவருக்குத் தெரிய வழியே இல்லை.

லினக்ஸில் இந்தச் சேவைக்கு இன்னொரு அவசியமும் இருந்தது. தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் பயன்படுத்தியவர்கள் கவனித்திருக்கலாம்: ஒரு மென்பொருளில் காப்பி செய்துவிட்டு அதை மூடினால், சில நேரம் பேஸ்ட் ஆகாது. காரணம், லினக்ஸ் வெகுகாலம் நம்பியிருந்த எக்ஸ்11 என்ற திரை அமைப்பு. அதில் கிளிப்போர்டு என்று தனியாக ஒரு பெட்டியே கிடையாது. காப்பி செய்த மென்பொருள், 'சரக்கு என்னிடம் இருக்கு, கேட்டால் தருகிறேன்' என்று அறிவிக்கும், அவ்வளவுதான். பேஸ்ட் செய்யும்போதுதான் சரக்கு கைமாறும். கடையைச் சாத்திவிட்டால் சரக்கும் இல்லை. அதனால் சரக்கை உடனே வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ள ஒரு பின்னணிச் சேவை தேவைப்பட்டது.

எப்படி வேலை செய்கிறது?

விண்டோஸில் இது வியப்பூட்டும் அளவுக்கு எளிது. ஒரு புரோகிராம், 'கிளிப்போர்டில் ஏதாவது மாறினால் எனக்குச் சொல்' என்று இயங்குதளத்திடம் பெயர் கொடுத்து வைக்கிறது. அதன்பிறகு நீங்கள் எதில் காப்பி செய்தாலும் அதற்குத் தகவல் போகும். உடனே அது உள்ளடக்கத்தைப் படித்துத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். இதற்கு நிர்வாகி அனுமதி தேவையில்லை. 'இந்த மென்பொருள் உங்கள் கிளிப்போர்டைப் படிக்க அனுமதிக்கிறீர்களா?' என்ற கேள்வியும் வராது.

இன்னொரு விஷயம். ஒரு முறை காப்பி செய்தால் ஒரே ஒரு வடிவம் மட்டும் போவதில்லை. வேர்டில் இருந்து காப்பி செய்தால் வெறும் எழுத்து, எழுத்துரு விவரத்தோடு கூடிய வடிவம், இணையப் பக்க வடிவம் என்று பல பிரதிகள் சேர்ந்தே போகும். வாங்கும் மென்பொருள் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இது நல்லாவே தெரிந்த வலி. பாமினியிலோ வானவில்லிலோ அடித்த பழைய மனுவை வேர்டில் இருந்து இணையப் படிவத்துக்கு பேஸ்ட் செய்தால், 'அம்மா' இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். படிவம் வெறும் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டது, எழுத்துரு விவரம் வழியிலேயே விழுந்துவிட்டது என்பதே காரணம். தமிழ்நாடு அரசு 2010-ல், கோவை செம்மொழி மாநாட்டு நேரத்தில், யூனிகோடைத் தரமாக அறிவித்தது. ஆனாலும் பழைய எழுத்துருக் கோப்புகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அதனால் பல டிடிபி கடைகளில் எழுத்துருவை மாற்றித்தரும் கருவி வழியாக காப்பி, பேஸ்ட் நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு மனு எழுத எத்தனை முறை கிளிப்போர்டு நிரம்புகிறதோ, வரலாறு ஓடினால் அத்தனை பிரதிகள்.

போனில் பூட்டு இருக்கு, கம்ப்யூட்டரில்?

2020 தொடக்கத்தில் தலால் ஹஜ் பக்ரி, டாமி மிஸ்க் என்ற இரண்டு டெவலப்பர்கள், பிரபலமான பல ஐபோன் செயலிகள் திறந்தவுடனேயே கிளிப்போர்டைப் படிப்பதாக வெளியிட்டார்கள். அந்த ஜூனில் ஐஓஎஸ் 14-ன் சோதனைப் பதிப்பு வந்தது. ஒரு செயலி கிளிப்போர்டைத் தொட்டால் திரையின் மேலே ஒரு அறிவிப்பு காட்டியது. டிக்டாக் திரும்பத் திரும்ப அதில் மாட்டியது. ஸ்பேம் பதிவுகளைத் தடுக்கத்தான் அப்படிச் செய்தோம், நீக்கிவிடுகிறோம் என்றது அந்த நிறுவனம். லிங்க்ட்இன் செயலியும் சிக்கியது. அவர்களும் திருத்திக்கொண்டார்கள். சில நாட்களில், 2020 ஜூன் 29 அன்று, இந்தியா டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அதற்கு அரசு சொன்ன காரணம் நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும்.

அதன்பிறகு போன்களில் பூட்டு ஒவ்வொன்றாக விழுந்தது. ஆண்ட்ராய்டு 10-லேயே பின்னணியில் இருக்கும் செயலி கிளிப்போர்டைப் படிக்க முடியாதபடி செய்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டு 12-ல் படித்தால் அறிவிப்பு. ஆண்ட்ராய்டு 13-ல் சிறிது நேரம் கழித்து கிளிப்போர்டு தானாகவே காலியாகும். ஐஓஎஸ் 16-ல் வேறு செயலியில் காப்பி செய்ததை எடுக்க அனுமதியே கேட்க வேண்டும். 2023 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள், ஷீன் செயலியின் ஒரு பழைய ஆண்ட்ராய்டு பதிப்பு அவ்வப்போது கிளிப்போர்டைப் படித்து, குறிப்பிட்ட வடிவம் இருந்தால் அதைத் தொலைதூர சர்வருக்கு அனுப்பியதை வெளியிட்டார்கள். கெட்ட நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை என்றும் சொன்னார்கள், செயலியும் திருத்தப்பட்டது. போன் உலகில் இந்தப் பிரச்சினையை யாராவது கவனித்துக்கொண்டாவது இருக்கிறார்கள்.

டெஸ்க்டாப்பில் கதை வேறு. விண்டோஸில் நீங்கள் லாகின் செய்திருக்கும்போது உங்கள் பெயரில் ஓடும் எந்தச் சாதாரண புரோகிராமும் கிளிப்போர்டைப் படிக்கலாம். பழைய எக்ஸ்11 லினக்ஸும் அப்படித்தான். அதற்கு மாற்றாக வந்த வேலாண்ட் அமைப்பில் மட்டும், திரையில் இப்போது நீங்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஜன்னலுக்குத்தான் கிளிப்போர்டு கிடைக்கும். பின்னணிச் சேவைக்குத் தனி வழி வேண்டும். மேக்கில் ஐபோன் பாணி எச்சரிக்கையைக் கொண்டுவரும் முன்னோட்டத்தை ஆப்பிள் 2025-ல் டெவலப்பர்களுக்குக் கொடுத்தது.

அதாவது, நம் கையில் இருக்கும் போனைவிட, பத்து பேர் மாறி மாறி உட்காரும் கடைக் கம்ப்யூட்டரில்தான் கிளிப்போர்டு திறந்து கிடக்கிறது.

என்னென்ன ஆபத்து?

படிப்பது: வரலாற்றுப் பட்டியலைத் திறந்து பார்ப்பதற்கு ஹேக்கர் தேவையில்லை, அடுத்த வாடிக்கையாளர் போதும். தனியாக நிறுவும் சில சேவைகள் வரலாற்றை நினைவகத்தில் மட்டும் வைக்காமல் டிஸ்க்கில் கோப்பாகவே சேமிக்கும். அப்போது ரீஸ்டார்ட் செய்தாலும் போகாது. அந்தக் கோப்பை யாராவது பென் டிரைவில் எடுத்துப் போனால், மாதக்கணக்கில் காப்பி செய்ததெல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

மாற்றுவது: படிக்க முடிந்தால் எழுதவும் முடியும். 'கிளிப்பர்' வகை வைரஸ் சத்தமில்லாமல் காத்திருக்கும். நீங்கள் ஒரு கிரிப்டோ முகவரியை காப்பி செய்தால், பேஸ்ட் ஆவதற்குள் திருடனின் முகவரியாக மாற்றிவிடும். 2019 பிப்ரவரியில் கூகுள் பிளே ஸ்டோரிலேயே இப்படி ஒன்றைக் கண்டுபிடித்ததாக ஈசெட் நிறுவனம் அறிவித்தது. நீண்ட எண்ணை யாரும் முழுசாகச் சரிபார்ப்பதில்லை என்பதுதான் இதன் மூலதனம்.

நம் கையாலேயே செய்ய வைப்பது: இதுதான் கிளிக்ஃபிக்ஸ். ஒரு இணையப் பக்கம் 'நான் ரோபோ அல்ல' என்று ஒரு பட்டன் காட்டும். அழுத்தியதும் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையை கிளிப்போர்டில் வைத்துவிடும். பிறகு 'சரிபார்க்க, விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்துங்கள், கன்ட்ரோல் வி, என்டர்' என்று சொல்லும். செய்தால், வைரஸை இறக்கி ஓட்டுவது நீங்களே. ஆன்டிவைரஸ் மென்பொருளுக்கும் முதல் பார்வையில் அது உரிமையாளர் செய்த வேலையாகத்தான் தெரியும். எந்த நியாயமான கேப்ட்சாவும் கட்டளையை பேஸ்ட் செய்யச் சொல்லாது. இந்த ஒரு வரியை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைப்பது நல்லது.

தூரத்தில் இருந்து: ரிமோட் டெஸ்க்டாப்பிலும் எனிடெஸ்க் போன்ற மென்பொருள்களிலும் இரண்டு கம்ப்யூட்டரின் கிளிப்போர்டும் இணைந்திருக்கலாம். வீட்டில் காப்பி செய்த பாஸ்வேர்டு ஆபீஸ் கம்ப்யூட்டரின் வரலாற்றில் போய் உட்காரலாம், மறுபக்கமும் அப்படியே. எனிடெஸ்க் வழியாக வங்கிக் கணக்கில் மோசடி நடப்பதாக ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

திருத்தணியில் இது ஏன் கூடுதல் விஷயம்?

திருத்தணி எல்லை ஊர். 1953-ல் ஆந்திரம் தனி மாநிலமானபோது அந்தப் பக்கம் போனது. ம.பொ.சிவஞானம் முதலானோர் நடத்திய வடக்கு எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. கோடு மாறியது, உறவுகள் மாறவில்லை. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு நிலம் இந்தப் பக்கம், இன்னொருவருக்கு நகரியிலோ புத்தூரிலோ. இங்கே பட்டா, சிட்டாவுக்குத் தமிழ்நாட்டு இ-சேவை. அங்கே ஆந்திரத்தின் மீசேவா. பெயர் தமிழில், தெலுங்கில், ஆங்கிலத்தில் என்று மூன்று எழுத்தில் ஒத்துப்போக வேண்டும். எழுத்துப் பிழை வந்தால் அலைச்சல். அதனால் ஒரு முறை சரியாக அடித்ததையே காப்பி செய்து எல்லா இடத்திலும் பேஸ்ட் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

இது போதாதென்று கோயில் ஊர். முருகனின் அறுபடை வீடுகளில் ஒன்று. ஆடிக் கிருத்திகைக்கு வெளியூர்க் கூட்டம் குவியும். வெளியூர்க்காரர் அவசரத்துக்கு ஒரு கடையில் நுழைந்து, ரயில் டிக்கெட்டோ இ-ஆதாரோ எடுத்துவிட்டுப் போனால் மறுபடி அந்தக் கடைப்பக்கம் வரப்போவதில்லை. எதை விட்டுவிட்டுப் போனோம் என்று திரும்பி வந்து பார்க்கவும் வாய்ப்பில்லை. திருத்தணி இதற்கு ஒரு உதாரணம்தான். பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இதே கணக்கு பொருந்தும்.

இ-ஆதாரைப் பொது கம்ப்யூட்டரில் எடுக்க வேண்டாம், எடுத்தால் இறக்கிய பிரதிகளை நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் 2022 மே 27 அன்று ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது. ஆதார் நகலை எல்லோருக்கும் கொடுக்காதீர்கள் என்ற வரியும் அதில் இருந்ததால் நாடு முழுக்கப் பரபரப்பானது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி, இரண்டே நாளில் மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அதைத் திரும்பப் பெற்றது. பரபரப்பில், பொது கம்ப்யூட்டர் பற்றிய அந்த நியாயமான அறிவுரையும் சேர்ந்தே மறந்துபோனது. கோப்பை அழிப்பது பாதி வேலைதான். இ-ஆதார் கோப்பின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும். பெயரும் பிறந்த தேதியும் கிளிப்போர்டு வரலாற்றில் இருந்தால், குப்பைத்தொட்டியில் கிடக்கும் கோப்பைத் திறக்க வேறென்ன வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது?

சைபர் கஃபேக்களுக்கு 2011-ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. வருபவரின் அடையாளச் சான்று பார்க்க வேண்டும், பதிவேடும் லாக் விவரங்களும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும், தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் போகக்கூடாது. வருபவர் குற்றம் செய்துவிடக்கூடாது என்ற கவலையே இந்த விதிகளின் மையம். வருபவரின் தகவல் திருடு போய்விடக்கூடாது என்ற கவலை பின்னால்தான் வந்தது.

அந்தக் கவலையின் பிள்ளைதான் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தனிநபர் தரவை எதற்காக, எப்படிக் கையாள்வது என்று தீர்மானிப்பவர், அதைப் பாதுகாக்க நியாயமான ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். தனிப்பட்ட, வீட்டுத் தேவைக்குக் கையாள்பவருக்கு விலக்கு உண்டு. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதவாக்கில் அமலுக்கு வரும்.

இரண்டு நாற்காலி போட்ட ஒரு கடைக்காரருக்கு 250 கோடி என்ற எண் வெறும் சிரிப்பைத்தான் தரும். வங்கிகளையும் பெரிய நிறுவனங்களையும் நினைத்து எழுதிய சட்டம், கடைசி மைலில் யார் கையால் நம் ஆதார் எண் டைப் ஆகிறது என்பதைத் தொடுமா? தொட்டால், அந்தச் சின்னக் கடைக்காரருக்கு என்ன செய்ய வேண்டும் என்று எளிய தமிழில் சொல்லித்தருவது யார்? சட்டம் அமலுக்கு வருமுன் விடை தேட வேண்டிய கேள்வி இது. ஒரு பக்க அறிவுறுத்தல், கடைச் சுவரில் ஒட்ட ஒரு தாள், இ-சேவை மைய ஆபரேட்டர்களுக்கு அரை மணி நேரப் பயிற்சி. செலவு அதிகமில்லாத வேலைகள்.

இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்யாமல் அதிலேயே ஓடும் கம்ப்யூட்டரில் புதிய ஓட்டைகள் அடைபடாது. கிளிப்போர்டைக் கவனிக்கும் வைரஸ் உள்ளே வர அது வசதியான கதவு.

அப்போ இந்தச் சேவையையே நிறுத்திவிடலாமா?

வேண்டாம். சொந்த கம்ப்யூட்டரில் இது அருமையான வசதி. மொழிபெயர்ப்பாளர், கணக்காளர், புரோகிராமர், விரல் வலியால் அதிகம் டைப் செய்ய முடியாதவர் என்று பலருக்கும் இது நேரத்தை மிச்சம் செய்யும். பாஸ்வேர்டு மேனேஜர் பயன்படுத்துவதற்கும் காப்பி, பேஸ்ட் வேண்டும். பாஸ்வேர்டைத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். பிரச்சினை வசதியில் இல்லை. ஒருவருக்கான வசதியைப் பத்து பேர் பகிரும் இடத்தில் யாரும் கவனிக்காமல் ஓடவிடுவதில்தான் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

வாடிக்கையாளராகப் போனால்: வேலை முடிந்ததும், 'அண்ணே, கிளிப்போர்டை கிளியர் பண்ணிடுங்க' என்று கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை. நீங்களே செய்வதென்றால் விண்டோஸ் விசையோடு வி அழுத்துங்கள். பட்டியல் வந்தால் எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தான் அதிலேயே இருக்கும். பின் செய்தவை மட்டும் தங்கும். அவற்றைத் தனித்தனியாக நீக்க வேண்டும். பட்டியலுக்குப் பதில் 'ஆன் செய்யவா?' என்று கேட்டால், வரலாறு ஓடவில்லை என்று அர்த்தம். ஆன் செய்யாமல் மூடிவிட்டு, ஏதாவது ஒரு சாதாரண வார்த்தையை காப்பி செய்துவிட்டு எழுந்திருங்கள். கடைசியாகத் தங்கியிருந்த ஆதார் எண் அதனால் அழிந்துவிடும். முழு ஆதார் தேவைப்படாத இடத்தில், முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரைக் கொடுங்கள்.

கடை நடத்துபவராக இருந்தால்: வாடிக்கையாளர் உட்காரும் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ், சிஸ்டம், கிளிப்போர்டு என்று போய் வரலாற்றை ஆஃப் செய்யுங்கள். உங்கள் வேலைக்கு அந்த வசதி வேண்டும் என்றால், உங்களுக்கு ஒரு யூசர் கணக்கு, வாடிக்கையாளருக்குத் தனிக் கணக்கு. உங்கள் கணக்கிலும் ஒருவர் வேலை முடிந்ததும் பட்டியலை அழிக்கும் பழக்கம் வரட்டும். டிக்கெட்டுக்காக நோட்பேடில் தயார் செய்த ஆதார் பட்டியலை சேவ் செய்யாமல் மூடினால் இன்னும் நல்லது.

ஆபீஸில் வேலை பார்ப்பவராக இருந்தால்: கம்பெனி லேப்டாப்பில் சொந்த விருப்பத்துக்கு ஒரு கிளிப்போர்டு மேனேஜரை நிறுவுமுன் ஐடி பிரிவிடம் கேளுங்கள். கருவிகளுக்கு இடையே ஒத்திசைக்கும் வசதியை, தேவை இல்லையென்றால் ஆஃப் செய்யுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் கிளிப்போர்டுப் பகிர்வுக்குத் தனி டிக் இருக்கும். அவசியம் இல்லாதபோது எடுத்துவிடுங்கள்.

டெவலப்பராக இருந்து இப்படி ஒரு சேவையை எழுதுகிறீர்கள் என்றால்: கீபாஸ் போன்ற மென்பொருள்களின் நடைமுறை ஒரு நல்ல பாடம். பாஸ்வேர்டை காப்பி செய்தால் சில விநாடிகளில் கிளிப்போர்டைத் தானே காலி செய்துவிடும். மூன்று இயங்குதளங்களிலும், 'இது ரகசியம், வரலாற்றில் சேர்க்காதே' என்று காப்பி செய்யும் மென்பொருள் ஒரு குறிச்சீட்டு ஒட்டும் வழக்கம் இருக்கிறது. உங்கள் சேவை அந்தச் சீட்டை மதிக்க வேண்டும். இயங்குதளம் உங்களைக் கட்டாயப்படுத்தாது; மதிப்பது உங்கள் நாணயம். முடிந்தவரை நினைவகத்தில் மட்டும் வையுங்கள். டிஸ்க்கில் எழுதினால் குறியாக்கம் செய்யுங்கள். பதிவுகளுக்கு எண்ணிக்கை வரம்பும் ஆயுள் வரம்பும் வையுங்கள். ஒரே கிளிக்கில் நிறுத்தி வைக்க ஒரு பட்டன் கொடுங்கள். இணையத்தோடு பேச வேண்டிய அவசியம் இந்தச் சேவைக்கு இயல்பாகவே கிடையாது. பேசினால், ஏன் என்று பயனருக்குச் சொல்லுங்கள்.

ஒருவேளை ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்க வேண்டாம். 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

இதைப் படிப்பது போனில் என்றால் உங்கள் கிளிப்போர்டுக்கு ஓரளவு காவல் இருக்கிறது. நாளைக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்ததும் விண்டோஸையும் வி-யையும் ஒரு முறை சேர்த்து அழுத்திப் பாருங்கள். பட்டியல் வந்தால், கடைசிப் பதிவு வரை ஸ்க்ரால் செய்யுங்கள். அதில் உங்கள் பக்கத்து சீட்காரருக்குக் காட்ட முடியாதது எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.